எந்த இடத்தில்? கேட்ட ஆல்பத்தைப் பற்றிப் பேசப் பழகுபவர்களுக்கு

பல வருடங்களுக்கு முன் ஓர் ஆல்பத்தைக் கேட்டு முடித்த சூட்டோடு, என்னைவிடப் பத்து வயது மூத்த நண்பர் ஒருவரிடம், "அண்ணா, பிரமாதமான ஆல்பம், கண்டிப்பா கேளுங்க" என்றேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "சரிப்பா, எந்த இடத்துல பிரமாதம்?" எனக்குப் பதில் வரவில்லை. "எல்லாமே தான் அண்ணா" என்று மழுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த ஆல்பத்தை அவர் கேட்கவே இல்லை.

இசைப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் "இப்போ என்ன கேட்டுட்டு இருக்கீங்க?" என்பதில்தான் பேச்சு தொடங்கும். புதிதாக அந்த வட்டத்துக்குள் வருபவர்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. இசை இலக்கணம் தெரியாதே என்று ஒரு கூச்சம். மற்றவர்கள் சொல்லும் பெயர்களில் பாதியைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று இன்னொரு கூச்சம். இரண்டுமே வேண்டாம். ராகம், சுரம், கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டம்) எல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தவர்களும் "பிரமாதம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எதுவும் தெரியாத ஒருவர், "மூன்றாவது பாட்டில் மேளம் திடீரென்று நின்றுபோகிறதே, அங்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது" என்று சொன்னதும் எல்லோரும் அந்தப் பாட்டைத் தேடி ஓடியதையும் பார்த்திருக்கிறேன். இடத்தைக் காட்டுவதுதான் காரியம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும், பிறகு அதை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி சொல்வதற்குமான வழிகள்.

முதலில், எதை எடுப்பது

ஒரே ஒரு ஆல்பம். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிவதாக இருந்தால் நல்லது. உங்கள் உயிருக்குயிரான கலைஞரின் ஆல்பத்தை முதலில் எடுக்காதீர்கள். அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பக்திப் பரவசம்தான் வரும், கவனம் வராது. "உலகின் தலைசிறந்த நூறு" மாதிரிப் பட்டியல்களின் உச்சியில் இருப்பதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைப் பற்றி ஊரே சொல்லி முடித்திருக்கும். உங்கள் காது என்ன சொல்கிறது என்பதைவிட, உங்கள் காது என்ன சொல்ல வேண்டும் என்ற பயம்தான் மிஞ்சும். ஒன்றிரண்டு பாட்டு தற்செயலாகக் காதில் விழுந்து, மீதி எப்படி இருக்கும் என்ற ஆர்வத்தைக் கிளப்பிய ஆல்பம்தான் தொடங்குவதற்கு ஏற்றது.

திரைப்படப் பாடல் தொகுப்பும் ஆல்பம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. படம் பார்த்திருந்தால், பாட்டைக் கேட்கும்போது காட்சியும் சேர்ந்தே ஓடும். நாம் ரசிப்பது எதை என்று பிரித்துச் சொல்வது கடினம். படம் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அல்லது பார்க்கப்போவதே இல்லை என்ற படத்தின் பாடல்களை எடுங்கள்.

ஆல்பம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கேட்கும் விதமே கொஞ்சம் மாறும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய அரக்கு இசைத்தட்டில், பத்து அங்குலத் தட்டு என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசை ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் பல தட்டுகள் வேண்டும். அந்தத் தட்டுகளை உறைகளில் போட்டு, புகைப்பட ஆல்பம் போலவே புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 1948-இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்றில் ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொண்டது. புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தக் கதை எதற்கு என்றால், பழைய ஆல்பங்களில் பாட்டுகளின் வரிசையைத் தட்டும் சேர்ந்துதான் முடிவு செய்தது. முள் நடுவை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைந்துகொண்டே போகும். அங்கே உச்ச ஒலிகள் துல்லியமாக வராது. அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை வெளிவிளிம்பிலும், அமைதியான பாட்டைப் பக்கத்தின் கடைசியிலும் வைப்பது வழக்கமாயிற்று. 1960, 70-களின் ஆல்பம் ஒன்றைக் கேட்கும்போது நடுவில் ஒரு பாட்டு அடங்கி முடிந்து, அடுத்தது திடுமென்று ஆரம்பித்தால், அங்கேதான் தட்டைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். நீங்களும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். ஒரே பெயரில், ஒரே அட்டைப் படத்தோடு, நாலைந்து பதிப்புகள் கிடக்கும். மறுமாஸ்டரிங் செய்தது (பழைய பதிவின் ஒலியை மறுபடி சீராக்கியது), பொன்விழாப் பதிப்பு, கூடுதல் பாடல்கள் சேர்த்தது, மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி), ஸ்டீரியோ (இடம் வலமாகப் பிரிந்த ஒலி). நீங்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பேசுவீர்கள், எதிரில் இருப்பவர் இன்னொன்றைக் கேட்டுவிட்டு மறுப்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும்.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் நல்ல உதாரணம். 1959 மார்ச் மாதப் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு அடித்தபோது, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சுருதி கொஞ்சம் ஏறியே ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அதை அப்படித்தான் கேட்டது. 1990-களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய இசைக் கலைஞர்கள் தங்கள் கருவியைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம்.

பீச் பாய்ஸ் குழுவின் பெட் சவுண்ட்ஸ் 1966-இல் மோனோவாக வந்தது. அதன் முழு ஸ்டீரியோ வடிவம் வெளிவந்தது 1997-இல். எது உசத்தி என்ற சண்டை நமக்கு வேண்டாம். எதைக் கேட்டீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

கூடுதல் பாடல்கள் உள்ள பதிப்பு என்றால், முதலில் வெளிவந்தபோது ஆல்பம் எந்தப் பாட்டோடு முடிந்தது என்று பார்த்து, முதல் முறை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பொத்தான்களை ஒரு தடவை சரிபாருங்கள்

கலைத்து ஓட்டும் ஷஃபிள் அணைந்திருக்கிறதா? 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதன்பேரில், ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பப் பக்கத்தின் பெரிய பொத்தானை வரிசைப்படி ஓட்டும்படி மாற்றியது. வரிசை என்பது கலைஞர் யோசித்துச் செய்த வேலை என்பதுதான் அவருடைய வாதம். சில செயலிகளின் இலவசக் கணக்கில் வரிசைப்படி கேட்கவே விடமாட்டார்கள். அப்போது வேறு வழியில் அந்த ஆல்பம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து, ஆட்டோபிளே. ஆல்பம் முடிந்ததும் "இதுவும் பிடிக்கும்" என்று செயலி தானாகவே வேறொரு பாட்டைப் போடும் வசதி. இதனால் நான் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஓர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பற்றி அரைப் பக்கம் உருகி எழுதினேன், "இந்த முடிவுக்காகவே மொத்த ஆல்பமும் காத்திருந்தது போல" என்றெல்லாம். அந்தப் பாட்டு அந்த ஆல்பத்திலேயே இல்லை. வேறு யாரோ பாடியது. இரண்டு நாள் வரை யாரும் சொல்லவும் இல்லை.

ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலந்து ஓட்டும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். இடைவெளியில்லாமல் ஓட்டும் கேப்லெஸ் வசதி இருந்தால் போடுங்கள். பாட்டோடு பாட்டாக ஒட்டிவரும் ஆல்பங்களில் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விக்கல் கேட்கும். ஒலியின் மேல், கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் எப்போதோ பேஸை, அதாவது கீழ் ஒலியைத் தூக்கி வைத்திருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இயர்போனின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். 1960-களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியங்களை மறு பக்கமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு அப்படியொன்றைக் கேட்டுவிட்டு, "குரலைப் பக்கத்து அறையில் பாடுவது போலத் தள்ளிவைத்தது துணிச்சலான முடிவு" என்று ஒருவர் பாராட்டியதுண்டு. சரி, அந்த ஒருவரும் நான்தான்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் இருந்தால்தான் பேச வேண்டும் என்றில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் ஆழ்ந்த கீழ் ஒலிகள் வராது. அதில் கேட்டுவிட்டு "பேஸ் கிடாரே இல்லை" என்று சொன்னால் அது ஆல்பத்தின் மேல் போடும் பொய் வழக்கு.

மூன்று முறை கேளுங்கள்

முதல் முறை கையில் எதுவும் வேண்டாம். பேனா, குறிப்பேடு, பாட்டு வரிகள் எதுவும் வேண்டாம். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில். சலிப்பாக இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள், சலிப்பு எங்கே தொடங்கியது என்பதும் ஒரு தகவல்தான். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினாலே ஒருவர் கேட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். நம் வேலைக்கு அந்தக் கணக்கு உதவாது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: என்ன மிஞ்சியிருக்கிறது? ஒரு மெட்டின் துண்டோ, ஒரு சத்தமோ, யாரோ மூச்சு இழுத்ததோ, ஏதோ ஒன்று இருக்கும். அதை மட்டும் எழுதி வையுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் "ஒன்றுமில்லை" என்றே எழுதுங்கள்.

இரண்டாவது முறை நேரத்தைக் குறியுங்கள். காது நிமிரும் ஒவ்வொரு தடவையும் பாட்டு எண்ணும் நிமிடமும் நொடியும் மட்டும்: "3-ஆம் பாட்டு, 2:14." ஏன் என்று அப்போது யோசிக்க வேண்டாம், யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்தது போய்விடும். முடிந்த பிறகு அந்த நேரங்களுக்குத் திரும்பிப் போய், அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். ஏதாவது மாறியிருக்கும். ஒரு வாத்தியம் உள்ளே வந்திருக்கும், ஒன்று வெளியே போயிருக்கும். தாளம் இரட்டித்திருக்கும். குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறியிருக்கும். எல்லாம் ஒரு நொடி நின்றிருக்கும். நின்ற இடங்களைத்தான் ஆரம்பத்தில் நாம் எளிதாகப் பிடிப்போம், ஏன் நிமிர்ந்தோம் என்று தெரியாமலே.

ஒன்றும் பிடிபடவில்லையென்றால், ஒரே பாட்டில் ஒரே ஒரு வாத்தியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். கூட்டத்தில் ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டே போவது போல. பேஸ் கிடாரைப் பின்தொடர்வது முதலில் கஷ்டம். பழகிவிட்டால் விடவே மனம் வராது. பாட்டு அதே பாட்டுதான், ஆனால் மாடியிலிருந்து பார்த்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து பார்ப்பது போல இருக்கும்.

மூன்றாவது முறை வேறொரு நாள், வேறொரு நிலையில். இரவில் கேட்டிருந்தால் காலையில். உட்கார்ந்து கேட்டிருந்தால் நடந்துகொண்டு. முதலில் ஹெட்ஃபோன் என்றால் இப்போது அறையில் ஒலிக்க விட்டு. குறித்துவைத்த இடங்களில் எவை இப்போதும் நிமிர்த்துகின்றன, எவை சும்மா போகின்றன என்று பாருங்கள். மூன்றிலும் நிற்கும் இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பேசுவதற்கு அது தாராளம்.

ஒரே நாளில் மூன்று முறையும் கேட்டு முடிக்கப் பார்க்காதீர்கள். காது அலுத்துவிட்டால் எல்லாமே மொண்ணையாகக் கேட்கும், சத்தத்தை ஏற்றத் தோன்றும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. சத்தம் கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும்.

தெரியாத மொழியில் பாடும் ஆல்பமா? மொழிபெயர்ப்பை இரண்டாவது முறைக்குப் பிறகு படியுங்கள். அர்த்தம் தெரிவதற்கு முன் அந்தக் குரல் உங்களிடம் என்ன சொன்னது என்பது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

சொல் எங்கே கிடைக்கும்

இடம் கிடைத்துவிட்டது. இனி அதைச் சொல்ல வேண்டும். இங்கேதான் "தேன் குரல்", "மனதை வருடும் இசை", "வேற லெவல்" எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும், அதனால் எதையும் காட்டாது.

நம் மொழியில் சத்தத்துக்குச் சொல் பஞ்சமே இல்லை. கணீர், கரகர, கிணுகிணு, தடதட, சலசல, நறநற என்று இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்புமாகக் கொட்டிக் கிடக்கிறது. பேச்சில் இவ்வளவு தாராளமாகப் புழங்குகிறோம், இசையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. கிடார் "அருமையாக ஒலித்தது" என்பதைவிட "துருப்பிடித்த கம்பியை இழுத்த மாதிரி கரகரத்தது" என்றால் கேட்பவர் காதில் ஏதோ விழுகிறது. மேளம் "தும்" என்று அடங்கி விழுந்ததா, "டப்" என்று அட்டையைத் தட்டிய மாதிரி இருந்ததா? குரல் கம்மியிருந்ததா, கணீரென்றிருந்ததா, மூக்கில் ஏறியிருந்ததா? வினைச்சொற்களும் கைகொடுக்கும். குழைகிறது, இழைகிறது, தெறிக்கிறது, உரசுகிறது, முனகுகிறது, தயங்குகிறது. வயலின் அழுகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். போதுமான அளவு அழுதாகிவிட்டது.

அடுத்த உபாயம், இடத்தைச் சொல்லும் சொற்கள். ஒலிப்பதிவு ஒரு அறை மாதிரி. பாடுபவர் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்? மேளம் அவருக்குப் பின்னாலா, தலைக்கு மேலா? அறை சின்னதா, எதிரொலிக்கும் மண்டபமா? இடப் பக்கம் கேட்டது பாட்டின் நடுவில் வலப் பக்கம் நகர்ந்ததா? இதற்கெல்லாம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டிக் காட்ட முடிகிறதென்றால் எழுதவும் முடியும்.

தொழில்நுட்பச் சொற்களில் இரண்டை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவற்றை மாற்றிப் போட்டுக் குழப்புவது சகஜம். மிக்ஸிங் என்பது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் எது முன்னால், எது பின்னால், எவ்வளவு சத்தத்தில் என்று கலப்பது. மாஸ்டரிங் என்பது அப்படிக் கலந்து முடித்த பாட்டுகளை ஒரே ஆல்பமாகச் சீராக்கும் கடைசி வேலை. குரல் மேளத்துக்கு அடியில் அமுங்கிப் போனால் மிக்ஸிங்கைக் குறை சொல்லலாம். எல்லாப் பாட்டும் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரேயடியாகக் கத்தினால் பெரும்பாலும் மாஸ்டரிங்கில் அமுக்கியிருப்பார்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம் காது அதை "நன்றாக இருக்கிறது" என்று நம்பிவிடும்.

ராகமும் தாளமும் தெரிந்தவரானால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அது காதில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "ஏழு எண்ணிக்கையில் போகிறது" என்றால் தெரிந்தவருக்குப் புரியும். "ஏழு எண்ணிக்கை, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு படியைத் தவறவிட்ட மாதிரி இருக்கிறது" என்றால் எல்லோருக்கும் புரியும்.

யார் வாசித்தார், யார் ஒலிப்பதிவு செய்தார் என்ற விவரங்களை மூன்றாவது முறை கேட்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில சமயம் கதவைத் திறக்கும் சாவி அங்கேதான் இருக்கும். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் (1986) திரைப்படத்துக்காகச் செய்ததல்ல, பாட்டு வரிகளும் அதில் இல்லை. அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பித்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கேட்டால், வி. எஸ். நரசிம்மனின் வயலின் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போய்வருகிறது என்று காது தானாகவே தேடத் தொடங்கும். அதே நேரம், கலைஞரின் சொந்த வாழ்க்கைச் சோகத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு வரியிலும் அதைப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அங்கே பேச்சு இசையிலிருந்து வம்புக்கு நழுவிவிடும்.

எழுதிப் பாருங்கள்

ஐந்தாறு வாக்கியம் போதும். ஒரே ஆல்பத்தைப் பற்றி நான் எழுதிய இரண்டைக் கீழே தருகிறேன். முதலாவது, அந்த அண்ணனின் கேள்விக்கு முந்தைய காலத்து நடை:

"மனதை உருக்கும் ஆல்பம். குரலில் அப்படி ஒரு இனிமை. ஒவ்வொரு பாட்டும் ஒரு முத்து. இசைப் பிரியர்கள் தவறவிடக் கூடாதது. பத்துக்கு ஒன்பது."

இரண்டாவது:

"ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவுதான், 34 நிமிடம். மூன்று முறை கேட்டேன், இரண்டு முறை இரவில் ஹெட்ஃபோனில். மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சு இழுப்பது கேட்கிறது. முதல் நான்கு பாட்டு வரை அது நெருக்கமாக இருந்தது, ஐந்தாவதிலிருந்து எனக்குக் கொஞ்சம் மூச்சு முட்டியது. ஆறாவது பாட்டில் 2:40-இல் குரல் நின்றுபோய், கிடார் மட்டும் ஒரு நிமிடம் தட்டுத்தடுமாறி வழி தேடுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன். வேகமான பாட்டு ஒன்றுகூட இல்லை, அது வேண்டும் என்பவர்களுக்கு ஒத்துவராது."

இரண்டாவதில் எப்படிக் கேட்டேன் என்பது இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. யாருக்குப் பிடிக்காது என்பதும் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் எழுதத் தயங்குவார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பயன்படுகிறது. வேகமான பாட்டு இல்லை என்ற வரியைப் பார்த்து ஒருவர் ஒதுங்குவார், அதே வரிக்காகவே இன்னொருவர் உடனே போய்க் கேட்பார்.

மதிப்பெண் போட வேண்டுமா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எண்ணைப் பார்த்ததும் மேலே எழுதியதை யாரும் படிப்பதில்லை, "ஒன்பதா, எட்டரையா" என்ற தகராறில் இறங்கிவிடுகிறார்கள். ஒப்பீடு செய்யலாம், எதில் ஒப்பிடுகிறீர்கள் என்று சொன்னால். "இவர் அவரைப் போல" என்று நிறுத்தினால் யாருக்கும் லாபமில்லை. "வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவதில் இவர் அவரைப் போல" என்றால் கேட்கத் தோன்றும்.

பிடிக்காததைச் சொல்வதும் இப்படித்தான். "மோசமான ஆல்பம்" என்றால் அதை நேசிப்பவர் சண்டைக்கு வருவார். "எனக்கு ஒட்டவில்லை, இரண்டாவது பாட்டில் கோரஸ் நாலாவது தடவை வந்தபோது விட்டுவிட்டேன்" என்றால் அவரே, "ஆமாம், அது கொஞ்சம் இழுவைதான், ஆனால் ஏழாவதைக் கேட்டீர்களா?" என்பார். எத்தனை முறை கேட்டுவிட்டுச் சொல்கிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் பாதி என்றே சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

அடுத்தவர் சொல்லும்போது

ஒருவர் ஓர் ஆல்பத்தைப் பற்றி ஆசையாகச் சொல்கிறார். "இதெல்லாம் என்ன, இவருடைய பழைய ஆல்பத்தைக் கேளுங்கள்" என்று உடனே மடக்குவது இசைப் பிரியர்களின் தேசியநோய். எந்த நாட்டுக்கும் பொதுவான தேசியநோய். அவர் சொன்ன இடத்துக்குப் போய்க் கேளுங்கள். உங்களுக்கு அங்கே என்ன கேட்டது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் வேறொன்றுதான் கேட்டிருக்கும். அவர் கிடாரைச் சொல்லியிருப்பார், உங்கள் காது பின்னால் இருந்த ஆர்கனுக்குப் போயிருக்கும். பேச்சு அங்கே சூடு பிடிக்கும்.

"எந்த இடத்தில்?" என்ற கேள்வியைக் கேட்கும் தொனியிலும் கவனம் வேண்டும். கொஞ்சம் பிசகினால் வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிடும். நான் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொண்ட புதிதில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டு, இரண்டு பேர் என்னிடம் இசையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். "எனக்கு நாலாவது பாட்டின் ஆரம்பம் பிடித்தது, உங்களுக்கு எங்கே?" என்று நம்முடையதை முதலில் வைத்துவிட்டுக் கேட்டால் வம்பில்லை.

பழகுவதற்கு நான் கண்ட சிறந்த வழி பண்டமாற்று. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஆல்பம், ஒரு வாரம். கொடுக்கும்போது எத்தனை நிமிடம், எந்தப் பதிப்பு என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. வாரக் கடைசியில் ஒருவருக்கொருவர் மூன்று இடங்களை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். பத்து வருடமாகக் கேட்டுவரும் ஆல்பத்தில் நீங்கள் ஒருபோதும் கவனிக்காத இடம் ஒன்றை அவர் எழுதியிருப்பார். நிச்சயம் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். நாலைந்து பேராக விரித்தாலும் நடக்கும், ஆறைத் தாண்டினால் யாராவது கேட்காமல் கேட்டதாகச் சொல்லத் தொடங்குவார்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, ஆல்பம், பதிப்பு, எப்படிக் கேட்டது, எந்தெந்த இடங்கள். கைபேசியில் எழுதினாலும் சரிதான், தேதி மட்டும் விட்டுப்போகக் கூடாது. என் நோட்டில் ஓர் ஆல்பத்துக்கு நேராக "நாலாவது பாட்டுக்கு மேல் தாங்கவில்லை" என்று இருக்கிறது. மூன்று வருடம் கழித்து அதே ஆல்பத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன், அந்த நாலாவது பாட்டைப் பற்றியே.

அதே நோட்டின் முதல் பக்கத்தில், நண்பரிடம் ஓடிப்போய்ச் சொன்ன அந்த ஆல்பத்தின் பெயரும் இருக்கிறது. பக்கத்தில் "பிரமாதம்!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி, வேறெதுவும் இல்லை. போன மாதம் அதை எடுத்து, மேலே சொன்னபடி மூன்று முறை கேட்டேன். இரண்டாவது பாட்டில், சரணம் தொடங்குவதற்குச் சற்று முன், பேஸ் கிடார் இரண்டு அடி பின்வாங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி சேர்ந்துகொள்கிறது. அன்றைக்கு என்னை ஓடவைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நண்பருக்குச் செய்தி அனுப்பினேன்: "அண்ணா, இரண்டாவது பாட்டு, 1:52."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எந்தப் பதிப்புப்பா?"